எழுந்து நின்றால் நா எழவில்லை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாராவியிலிருந்து ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சங்கப் பொங்கல் விழாவில் பார்த்துப் பழகியவர். நான் நர்ஸிங் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது அவருக்குத் தெரியும். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"டீச்சர், பிள்ள படிப்ப விட்டுருதேன்னு சொல்லுதா. மொத வருசம் முடியப் போவுது. கடன் வாங்கிச் சேத்திருக்கோம். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பா."

நர்ஸிங்கைப் பாதியில் விட நினைக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்தவள் உண்டு. வார்டில் முதல் மரணத்தைப் பார்த்த இரவே பெட்டியைக் கட்டியவள் உண்டு. நைட் டூட்டி ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. இதில் எது என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். எல்லாரு முன்னாலயும் எழும்பி நின்னு பேசணுமாம்லா, அதுக்குத்தான் பயப்படுதா. வீட்ல பேசுத பேச்சுக்குத் தெருவே வேடிக்க பாக்கும். அங்க போனா வாயத் தொறக்க மாட்டேங்கா."

இதற்குப் போயா படிப்பை விடுவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கடைசி பெஞ்சில் மார்க் ஷீட்டும் கையுமாக உட்கார்ந்து, இப்படி எழுந்து நின்ற எத்தனையோ பிள்ளைகளின் முகம் வெளுத்ததைப் பார்த்தவள் நான். சில சமயம் அந்த முகம் வெளுத்ததற்கு நானே காரணமாகவும் இருந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இந்தப் படிப்பில் பாதி பேச்சுத்தான். வகுப்பில் அறுபது பேருக்கு முன்னால் செமினார். நோயாளியின் கட்டிலருகே நின்று, அவருக்கு என்ன நோய், என்ன மருந்து, என்ன பராமரிப்பு என்று சொல்லும் கேஸ் பிரசன்டேஷன். ஓ.பி.டி.யில் காத்திருக்கும் ஜனங்களுக்கு ஹெல்த் டாக். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் வைவா. டூட்டி மாறும்போதெல்லாம் அடுத்து வருகிறவரிடம் வார்டை ஒப்படைக்கும் ரிப்போர்ட். ஒரு பதினைந்து நிமிட ஹெல்த் டாக்குக்காகப் பிள்ளைகள் முதல் நாள் நள்ளிரவு வரை சார்ட் எழுதுவார்கள், ஃபிளாஷ் கார்டுக்குக் கலர் அடிப்பார்கள். சார்ட் பிரமாதமாக இருக்கும். மறுநாள் அதைப் பிடித்திருக்கும் கைதான் ஆடும்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழாவில் ஒருத்திகூடத் தடுமாறுவதில்லை. பெற்றோர், டாக்டர்கள், பெரிய மனிதர்கள் என்று மண்டபம் நிறைந்திருக்கும். ஆனாலும் குரல் கணீரென்று வரும். எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள் அல்லவா! அதே பிள்ளைகளில் ஒருத்தியைத் தனியாக நிறுத்தி, அவள் பெயரைக் கேளுங்கள், தொண்டை கரகரக்கும்.

அன்று சாயங்காலமே தாராவிக்குப் போனேன். பெண் முதலில் பேசவில்லை. அவள் ஆச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேடத்துக்கிட்ட சொல்லுட்டி" என்று அதட்டிய பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

குழந்தைகள் ஓ.பி.டி.யில் அவளுக்குக் கொடுத்த தலைப்பு, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிப்பது. கேட்கிறவர்கள் மராத்திக்காரப் பெண்கள். இவள் மராத்தியில் எழுதி, வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறாள். நம் வாசகர்களுக்குத் தெரியும், மராத்தியில் உப்புக்கு 'மீட்', சர்க்கரைக்கு 'சாக்கர்'. இந்தியிலோ 'மீட்டா' என்றால் இனிப்பு. இவளுக்குக் கடைத்தெருவில் பழகியது இந்தி. நடுவில் ஒரு வரி மறந்தது. டியூட்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதற்றத்தில் இனிப்பை நினைத்துக்கொண்டு, 'சஹா சம்சே மீட்' என்று சொல்லிவிட்டாள். அதாவது ஆறு கரண்டி உப்பு.

முன் பெஞ்சில் பேரனை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி, "ஆறு கரண்டி உப்பா? பிள்ளைக்கா, கடலுக்கா?" என்று மராத்தியில் கேட்டிருக்கிறார். கூட்டம் முழுவதும் சிரித்திருக்கிறது. கூடப் படிக்கும் பெண்களும் சிரித்திருக்கிறார்கள். டியூட்டர் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், "நீ ஒரு குழந்தையைக் கொன்றிருப்பாய்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இவள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள். மீதியைச் சொல்லவேயில்லை. அன்றிலிருந்து பேச வேண்டிய நாள் வந்தால் காய்ச்சல் என்று லீவு.

டியூட்டர் சொன்ன விதம் தவறு. விஷயம் தவறில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இது மாறி உப்பு கூடிவிட்டால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி, உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும் இடத்தில் பொட்டலமே மேல். ஆனால் அதையும் எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்தபோது முகாம்களில் காலரா பரவியது. பன்காவ் என்ற இடத்தில் ஏற்றுவதற்கு ஸலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளூக்கோஸையும் சோடா உப்பையும் அளந்து கலந்து, தண்ணீரில் கரைத்து, வாய்வழியாகவே கொடுக்க ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. கரைசலைக் குடிக்கக் கொடுத்தவர்களில் பலர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியின் அம்மா, அண்ணன், மாமியார். எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்கு யாரோ புரியும்படி சொன்னார்கள், அவர்கள் செய்தார்கள். பிள்ளைகளிடம் ஹெல்த் டாக் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன். மார்க்குக்காக இல்லையம்மா, நீ சொல்வதைக் கேட்டு வீட்டுக்குப் போய்ச் செய்யப் போகிறவள் ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, பயம் எங்கிருந்து வருகிறது? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அட்ரினல் சுரப்பி, அட்ரினலின், அது சுரந்தால் உடம்பில் என்னென்ன ஆகும் என்று ஃபிஸியாலஜி பரீட்சையில் கேட்டால், இதே பெண் ஒரு பக்கம் எழுதுவாள். இதயம் வேகமாக அடிக்கும், எச்சில் வற்றும், தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை ஜில்லிடும், செரிமானம் நின்று வயிற்றைக் கலக்கும். எல்லாம் தெரியும். அது தனக்கு நடக்கும்போது மட்டும், 'நான் இதற்கு லாயக்கில்லை' என்று அர்த்தம் செய்துகொள்கிறாள். புலியைக் கண்டால் ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் உடம்பு செய்யும் ஏற்பாடு, அறுபது ஜோடிக் கண்களைக் கண்டாலும் நடக்கிறது, அவ்வளவுதான். பேச ஆரம்பிக்கும் தருணத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் தானாக இறங்கும். பாதியில் ஓடி வந்தவர்களுக்கு அது இறங்கும் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. அதனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகிறது.

நம் பிள்ளைகளுக்கு இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நெல்லைத் தமிழ். ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அப்புறம் இங்கிலீஷ் மீடியம். தெருவில் இந்தி. வார்டில் மராத்தி. பாடமும் பரீட்சையும் ஆங்கிலம். நாலு மொழியில் காரியம் நடத்துகிற பெண் இவள்! அவளோ தனக்கு ஒன்றுமே சரியாக வராது என்று நினைக்கிறாள். "அந்த கேரளாப் பொண்ணுங்கல்லாம் எவ்வளவு தைரியமா இங்கிலீஷ் பேசுறாங்க மேடம்" என்றாள். அந்தக் கேரளத்துப் பிள்ளைகள் மராத்தி பேச வேண்டுமே என்று என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஸத்தாராவிலிருந்து வந்த மராத்திப் பெண், ஆங்கிலத்தில் செமினார் என்றதும் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் தைரியசாலிகள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். தன் நடுக்கம் எல்லோருக்கும் தெரிகிறது என்பதுதான் பேசுகிறவருக்குப் பாதி நடுக்கம். அமெரிக்காவில் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். தாங்கள் எவ்வளவு பதறுவதாகத் தோன்றுகிறோம் என்று பேசியவர்கள் நினைத்தார்களோ, அவ்வளவு பதற்றம் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. 'உன் பதற்றம் நீ நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிய மாணவர்கள், சொல்லாமல் அனுப்பியவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

இந்த மும்பையிலேயே நடந்த ஒரு கதையும் உண்டு. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து 1891-ல் திரும்பிய ஓர் இளைஞர், பம்பாயில் தொழில் நடத்த வந்தார். ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, ஃபீஸ் முப்பது ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு கோர்ட்டை விட்டு வெளியேறினார். அவர்தான் காந்திஜி. தம் சுயசரிதையில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். லண்டனில் சைவ உணவுச் சங்கக் கூட்டங்களிலும் அவருக்கு இதே கதிதான், எழுதிக்கொண்டு போனதைக்கூட வாசிக்க முடியாமல் பிறர் வாசித்திருக்கிறார்கள். இரண்டே வருடத்தில், 1893-ல், பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் முன்னால் எழுந்து பேசினார். அதையே தம் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று குறிப்பிடுகிறார். அங்கே சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது, கேட்டே ஆக வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள். நர்ஸிங் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதில் அவருக்குத் தனிப் பிரியம். 1899-ல் போயர் யுத்தம் மூண்டபோது, காயம்பட்டவர்களைத் தூக்கிவர ஏறக்குறைய 1,100 இந்தியர்களைச் சேர்த்து ஆம்புலன்ஸ் படை அமைத்தவர் அவர்.

வகுப்பில் வாய் திறக்காவிட்டால் மார்க்தானே போகும் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். மார்க்கோடு போவதில்லை. என் கதையையே சொல்கிறேன். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணின் நாடி மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது. அவள் புரண்டு புரண்டு படுத்தாள். ரவுண்டில் வந்த டாக்டர், "எனிதிங்?" என்று கேட்டார். பெரிய டாக்டர், பின்னால் ஒரு பட்டாளம். சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் இருந்தது. "நோ சார்" என்றேன். அரை மணி நேரம் கழித்து வார்டு சிஸ்டர் வந்து பார்த்து, உள்ளே ரத்தக் கசிவு என்று கண்டுபிடித்துத் திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது நர்ஸ்களுக்கு இதற்கென்றே ஒரு முறை சொல்லித்தருகிறார்கள். எஸ்.பி.ஏ.ஆர். என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. இப்போது என்ன நிலைமை, இதற்கு முன் என்ன நடந்தது, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த நாலையும் இதே வரிசையில் சொன்னால் போதும். என் காலத்தில் இது இருந்திருந்தால், "பேஷண்டின் நாடி ஏறுகிறது, காலையில் ஆபரேஷன் ஆனவர், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஒரு தடவை வந்து பாருங்கள் சார்" என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. வரிசை தெரிந்திருந்தால் பயத்திலும் வார்த்தை கிடைக்கும்.

அந்தப் பெண்ணுக்கு நான் பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை போனேன். முதல் வேலையாக எழுதி வைத்திருந்த தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் வாக்கியமும் அளவுகளும் மட்டும் மனதில் இருக்கட்டும், மற்றதை வாய்க்கு வந்தபடி சொல் என்றேன். ஒரு பாத்திரம், ஒரு லிட்டர் பாட்டில், டீஸ்பூன், உப்பு, சர்க்கரை. இரண்டு டப்பாவிலும் மராத்தியில் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டினாள். கையில் வேலை இருந்தால் கை நடுங்குவது தெரியாது, சொல் தவறினாலும் கண்ணெதிரே இருக்கும் கரண்டி திருத்திவிடும். முதல் வாரம் ஆச்சிக்குத் தமிழில் சொன்னாள். ஆச்சி சும்மா இருப்பாரா? "சீனிக்குப் பதிலா கருப்பட்டி போடலாமாட்டி?" என்று ஆரம்பித்து ஆயிரம் கேள்வி! பதில் சொல்லிச் சொல்லியே பாதிப் பயம் போயிற்று. இரண்டாவது வாரம் எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாவும் அவர் மருமகளும். அடுத்து, தெருக் குழாயடியில் ஏழெட்டுப் பேர். பேசுவதற்கு முன் மூச்சை இழுப்பதைவிட, மெதுவாக நீளமாக விடுவதுதான் முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தேன். செல்போனில் படம் பிடித்துப் பார் என்றேன், மாட்டவே மாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை.

இங்கே நம் வீடுகளைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளை கொஞ்சம் சத்தமாகப் பேசினால் 'வாயாடி' என்கிறோம். பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்ன வேலை என்கிறோம். பதினேழு வருடம் வாயை மூடச் சொல்லிவிட்டு, பதினெட்டாவது வருடம் நர்ஸிங் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்டால் எப்படி?

சங்கத்தில் வருடந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், ஆகையால் சொல்ல உரிமை உண்டு. அப்பாவோ தமிழாசிரியரோ எழுதிக் கொடுத்ததைக் குழந்தை ஒப்பிக்கிறது. ஒரு சொல் மறந்தால் மேடையிலேயே அழுகை. நாம் கைதட்டி ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்புகிறோம். மனப்பாடத்தில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று என்பதைத்தான் அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. மேலே சொன்ன பெண்ணும் சின்ன வயதில் இப்படி ஒரு மேடையில் அழுதவள்தானாம். அடுத்த வருடம் ஒரு போட்டியிலாவது, எழுதாமல் வந்து தனக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்து காட்டிச் சொல்லட்டுமே. தோசை வார்ப்பதோ சைக்கிள் செயின் மாட்டுவதோ, எதுவாக இருந்தால் என்ன?

என் பங்குத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே இலக்கணப் பிழையைத் திருத்துவேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ஒரு மாணவி, படித்து முடித்துப் பல வருடம் கழித்து வந்து சொன்னாள், "மேடம், நீங்க பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு அடுத்த வரி மறந்துடும்." அதன் பிறகு பேனாவைத் தொடாமல் கேட்டு, தனியே அழைத்துத் திருத்தப் பழகினேன். உயிருக்கு ஆபத்தான தவறு என்றால் மட்டும் உடனே, அமைதியாக, அதை மட்டும் சரிசெய்தேன்.

எல்லாப் பயமும் கரண்டியும் டப்பாவுமாகப் போய்விடாது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் கணக்கில் தூக்கமில்லை, வாந்தி, கடைக்குப் போய் ஒரு பொருள் கேட்கவும் கூச்சம், வகுப்புக்கே போவதில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய நிலை. மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை, குணப்படுத்தக் கூடியதுதான். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. காசில்லை, தமிழிலும் பேசலாம்.

ஐந்தாவது வாரம் அவளுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தார்கள். டியூட்டரை அவளே போய்ப் பார்த்து, அதே தலைப்பையே கேட்டு வாங்கியிருக்கிறாள். அது என் யோசனை இல்லை. சாயங்காலம் போன் வந்தது. "மேடம், போன தடவை நான் ஆறு கரண்டி உப்புன்னு சொல்லிட்டேன், ஒரு ஆஜிதான் பிள்ளையக் காப்பாத்தினாங்கன்னு சொல்லி ஆரம்பிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்." பேசியது பத்து நிமிடம். கேள்வி கேட்டவர்கள் விட்டபாடில்லையாம். பொட்டலத்தைப் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று கரைக்கலாமா என்று ஒருத்தி கேட்க, கூடாது, முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் கரைத்து, இருபத்துநாலு மணி நேரத்தில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டும் என்று இவள் பாட்டிலைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். மார்க் பத்துக்கு ஆறு. மராத்தியில் ஏகப்பட்ட பிழையாம்.

"அடுத்த மாசம் இங்கிலீஷ் செமினார் மேடம். அதுக்கு இன்னும் வயித்தக் கலக்கத்தான் செய்யுது. எங்க ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாதே, யார்கிட்ட சொல்லிப் பாக்கிறது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூடப் படிக்கும் ஒரு கோட்டயத்துப் பெண்ணையும், ரத்னகிரியிலிருந்து வந்த ஒருத்தியையும் அழைத்து வருகிறாளாம். அன்றைக்கு அவளோடு சேர்ந்து சிரித்தவர்கள்தான் அந்த இருவரும்.